பதினேழாவது டேக்

எங்கள் வீட்டில் ஒரு ட்ரெட்மில் இருக்கிறது. வாங்கிய முதல் மாதம் அதில் நான் நடந்தேன். இரண்டாவது மாதத்திலிருந்து அதில் துண்டு காய்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதன் பக்கத்தில் உட்கார்ந்து என் மகளைக் கூப்பிட்டேன். "இங்க வா, ஒரு வீடியோ காட்டறேன். நீ பிறந்த வருஷம் வந்தது. ட்ரெட்மில்லை எதுக்கெல்லாம் உபயோகிக்கலாம்னு பார்."

வரவில்லை. முந்தின வாரம்தான் சி.ஏ. பவுண்டேஷன் ரிசல்ட் வந்திருந்தது. அவள் பாஸ் ஆகவில்லை. அன்றிலிருந்து வீட்டில் சத்தம் குறைந்திருந்தது. டி.வி.யைக்கூட நாங்கள் மெல்லிய குரலில்தான் ஓட விட்டோம், யாரோ ஜுரத்தில் படுத்திருக்கிற மாதிரி. மூன்றாவது தடவை கூப்பிட்டதும் வந்தாள். வேறு வழியில்லாமல் பார்த்தாள்.

நீங்களும் பார்த்திருக்கக்கூடும். ஓகே கோ என்று ஓர் அமெரிக்க பாப் குழு. 1998-ல் சிகாகோவில் ஆரம்பித்தது. நான்கு பேர். 2006 ஜூலை 31 அன்று 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' என்ற பாட்டுக்கு அவர்கள் போட்ட வீடியோதான் விஷயம். யூடியூப் அப்போது ஒன்றரை வயதுக் குழந்தை. எட்டு ட்ரெட்மில்கள், எதிரும் புதிருமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நான்கு பேர் அவற்றின்மேல் ஏறி, இறங்கி, தாவி, சறுக்கி, ஒருவருக்கொருவர் இடித்துக்கொள்ளாமல் மூன்று நிமிஷம் ஆடுகிறார்கள். கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது. நடுவில் ஒரு வெட்டு கிடையாது. முகத்தில் சிரிப்பும் கிடையாது. ஆபீஸுக்குப் போகிறவர்கள் மாதிரி படு சீரியஸாக ஆடுகிறார்கள். அதுதான் நமக்குச் சிரிப்பை வரவழைக்கிறது.

நடனத்தை அமைத்தது பாடகர் டேமியன் குலாஷின் சகோதரி ட்ரிஷ் சீ. இயக்கமும் அவரும் குழுவும் சேர்ந்துதான். அவருடைய வீட்டிலேயே ட்ரெட்மில்களைப் போட்டு, நாள்கணக்கில் ஒத்திகை பார்த்து, அங்கேயே எடுத்தார்கள். பெரிய செட், வெளிநாட்டு லொகேஷன் எதுவும் இல்லை. 2007-ல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது.

"சூப்பர்ப்பா" என்றாள் மகள், உற்சாகமே இல்லாமல்.

நான் எதற்காகக் கூப்பிட்டேனோ அந்த இடத்துக்கு வந்தேன். "இதை எத்தனை தடவையில எடுத்தாங்க தெரியுமா? பதினேழு. பதினாறு தடவை சொதப்பி, பதினேழாவது டேக்தான் நீ பார்த்தது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அறிவுரையின் வாசனை இளைஞர்களுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

"பதினேழாவது தடவை வந்துடுச்சு இல்ல? அதனால பதினாறு தடவை வரலைன்னு பெருமையா சொல்லிக்கலாம். வராமலே போனவங்க எங்கப்பா சொல்றாங்க?" என்றாள். எழுந்து போகும்போது திரும்பி, "உனக்கெல்லாம் இது புரியாதுப்பா. நீதான் எதுலயும் ஃபெயில் ஆனதே இல்லையே" என்றாள்.

சமையலறையில் தோசைத் திருப்பியின் சத்தம் நின்றது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

* * *

முதலில் அந்தப் பதினாறு டேக்குகள். அவை எங்கே போயின?

ஒரு கேள்வியை நேராகவே கேட்டுப் பார்ப்போம். பதினாறு தோல்விகளை மறைத்துவிட்டு ஒரே ஒரு வெற்றியை மட்டும் உலகத்துக்குக் காட்டுவது பொய்யா? 'நடுவில் வெட்டே இல்லை, பார்' என்று சொல்லாமல் சொல்லும் ஒரு வீடியோ, அதற்கு முன்னால் பதினாறு முறை வெட்டப்பட்டதைச் சொல்லாமல் விடுவது நியாயமா?

சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இது கேள்வியாகவே தோன்றாது. நம் ஊரில் கதாநாயகன் வாயசைப்பான், பின்னால் வேறொருவர் பாடுவார். யாராவது தியேட்டரில் எழுந்து நின்று 'மோசடி' என்று கத்தியிருக்கிறோமா? இந்த ட்ரெட்மில் வீடியோவிலேயே ஒரு வேடிக்கை உண்டு. பாடியது டேமியன் குலாஷ். வாயசைப்பது பேஸ் கிடார் வாசிக்கும் டிம் நார்ட்விண்ட். அவர்கள் ரசிகர்களுக்கு அது தெரியும். தெரிந்தே ரசிக்கிறார்கள்.

ஆக, காட்டாமல் விடுவதெல்லாம் பொய் ஆகிவிடாது. எதிரே இருப்பவர் எதை நம்பி உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. இந்த ஆட்டம் முதல் தடவையிலேயே வந்துவிட்டது என்று அவர்கள் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. இடைவிடாமல் ஆடினோம் என்று மட்டும்தான் அந்த வீடியோ சொல்கிறது. அது உண்மை.

அந்த உண்மைக்கு வேறொரு சாட்சியும் கிடைத்தது. அதே 2006 ஆகஸ்ட் 31 அன்று எம்.டி.வி. விருது விழா மேடையில் அதே நடனத்தை நேரடியாக ஆடிக் காட்டினார்கள். மேடையில் ரீ-டேக் கிடையாது. கால் இடறினால் உலகமே பார்க்கும். இடறவில்லை. பதினாறு டேக்குகள் குப்பைக்குப் போகவில்லை, அவர்கள் கால்களுக்குள் போயிருந்தன என்று அன்று தெரிந்தது.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்த விஷயம் கணக்குப் புத்தகம் வழியாகத்தான் புரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு பத்தி.

காஸ்ட் அக்கவுன்டிங்கில் 'நார்மல் லாஸ்' என்று ஒன்று உண்டு. நூறு கிலோ சரக்கை ஒரு பக்குவத்துக்குள் அனுப்புகிறீர்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஐந்து கிலோ ஆவியாகவோ தூளாகவோ போகும், தொண்ணூற்றைந்துதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 950 ரூபாய். நூறால் வகுத்தால் கிலோ ஒன்பதரை ரூபாய். ஆனால் அப்படி வகுக்கக்கூடாது. தொண்ணூற்றைந்தால் வகுக்க வேண்டும். கிலோ பத்து ரூபாய். அந்த ஐம்பது பைசா வித்தியாசம் இருக்கிறதே, அதுதான் வீணாய்ப்போன ஐந்து கிலோவின் செலவு. நல்ல சரக்கின் விலைக்குள்ளேயே அதை ஏற்றிவிடுகிறோம். தனியாகக் காட்டுவதில்லை. வாங்குகிறவரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டு பாஷையில் சொன்னால், முதல் தோசை. எந்தக் கல்லாக இருந்தாலும் முதல் தோசை ஒட்டும், கிழியும். என் அம்மா அதைச் சுருட்டித் தனக்கு எடுத்து வைத்துக்கொள்வாள். வந்த விருந்தாளிக்கு மூன்றாவது தோசைதான் போகும். இதில் விருந்தாளியை ஏமாற்றியது எங்கே வந்தது? கிழிந்த தோசையைத் தட்டில் வைத்து, 'இதையும் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள், நாங்கள் நேர்மையானவர்கள்' என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை.

இதுவரைக்கும் சரி. ஆனால் அதே அம்மா, மகளுக்குத் தோசை வார்க்கச் சொல்லிக் கொடுக்கும்போது முதல் தோசையை மறைத்தால்? மகள் தன் கல்லில் முதல் தோசை பிய்ந்ததும் என்ன நினைப்பாள்? 'அம்மாவுக்கு எப்பவும் நல்லாத்தான் வரும். எனக்குத்தான் கை சரியில்லை' என்று நினைப்பாள்.

மறைத்தது அதே தோசை. விருந்தாளியிடம் அது மரியாதை, மகளிடம் துரோகம். 'துரோகம்' கொஞ்சம் பெரிய வார்த்தைதான். ஆனால் சின்ன வார்த்தை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

* * *

அந்தக் குழுவின் கதையை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். தோல்வியை எங்கே வைப்பது என்பதில் அவர்களிடம் ஒரு பாடமே இருக்கிறது.

2010 மார்ச்சில் 'திஸ் டூ ஷால் பாஸ்' என்ற பாட்டுக்கு அவர்கள் வெளியிட்ட இரண்டாவது வீடியோ. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கிடங்கு முழுக்க ஒரு பிரும்மாண்டமான விளையாட்டு யந்திரம். வரிசையாக நிற்கும் டோமினோ கட்டைகளில் ஒன்றைத் தட்டினால் அது அடுத்ததைத் தள்ள, அது ஓர் உருண்டையை உருட்ட, உருண்டை வேறொன்றை இழுக்க, இப்படியே நாலு நிமிஷம். கடைசியில் நான்கு பேர் மேலும் வண்ணப் பெயின்ட் பீரங்கி மாதிரி வந்து அடிக்கும். சின் லேப்ஸ் என்ற குழுவின் பொறியாளர்கள் சேர்ந்து கட்டியது. இரண்டு நாள் படப்பிடிப்பில் 60-க்கும் மேற்பட்ட டேக்குகள் போனதாகச் சொல்கிறார்கள்.

யந்திரத்தைக் கட்டியவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். சின்னச் சின்னச் சமாசாரங்கள்தான் அதிகம் சொதப்பும். டோமினோ கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதும், சங்கிலி அறுந்துவிடும். பெரிய, கனமான பொருள்கள் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது, ஆனால் ஒருமுறை உடைந்தால் மறுபடி வைக்க நேரமும் செலவும் பிடிக்கும். ஆகவே சின்னவற்றை ஆரம்பத்திலும் பெரியவற்றைப் பின்னாலும் வைத்தார்கள். தோற்பதென்றால் முதல் நிமிஷத்திலேயே, மலிவாகத் தோற்றுவிடலாம். தோல்வியை ஒழிக்க அவர்கள் பார்க்கவில்லை. அதற்கு வசதியான இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று. அந்த யந்திரத்தின் நடுவில் ஒரு சம்மட்டி வந்து ஒரு டி.வி.யை உடைக்கும். அந்த டி.வி.யில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது தெரியுமா? அவர்களுடைய அதே ட்ரெட்மில் வீடியோ! தங்களுக்குப் பேரும் விருதும் வாங்கிக் கொடுத்ததைத் தாங்களே போட்டு உடைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பழைய வெற்றியை ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்துக்கொண்டே வாழ்கிறவர்கள் எத்தனை பேரை நமக்குத் தெரியும்!

இந்த 60 சொச்சம் டேக்குகளுக்குப் பணம் கொடுத்தது யார் என்பது அடுத்த வேடிக்கை. அப்போது அவர்கள் இ.எம்.ஐ. என்ற பெரிய இசைக் கம்பெனியில் இருந்தார்கள். கம்பெனியோ அவர்கள் வீடியோக்களை மற்றவர்கள் தங்கள் இணையப் பக்கங்களில் ஒட்டிக்கொள்ள முடியாதபடி பூட்டுப் போட்டிருந்தது. அங்கங்கே ஒட்டப்பட்டதைப் பார்த்தால் கம்பெனிக்குக் காசு வராது என்பது கணக்கு. ஊர் ஊராக ஒட்டியதால்தான் அந்த வீடியோவே பிரபலமானது என்பது குழுவின் கட்சி. 2010 பிப்ரவரியில் குலாஷ் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். அடுத்த மாதம் கம்பெனியை விட்டு விலகி 'பாராகடூட்' என்று சொந்தமாக ஒன்று ஆரம்பித்தார்கள். யந்திர வீடியோவுக்கு ஸ்பான்சர் செய்தது ஸ்டேட் ஃபார்ம். அது என்ன கம்பெனி? இன்ஷூரன்ஸ் கம்பெனி! எது எப்போது உடையும் என்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். அறுபது தடவை உடைவதற்குப் பணம் போட அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

2016-ல் வெளியான ஒரு வீடியோவுக்காக இன்னும் ஒரு படி மேலே, நிஜமாகவே மேலே போனார்கள். 'அப்சைட் டவுன் அண்ட் இன்சைட் அவுட்' வீடியோவை ரஷ்யாவில், விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் விமானத்தில் எடுத்தார்கள். விமானம் மேலே ஏறி வளைந்து இறங்கும்போது சுமார் 27 விநாடிகளுக்கு உள்ளே எடை இல்லாமல் மிதக்கலாம். அவ்வளவுதான். பிறகு சில நிமிஷம் காத்திருந்து மறுபடி. ஆனால் வீடியோவில் பார்த்தால் பாட்டு முழுக்க ஒரே ஓட்டமாகத் தெரியும். மிதக்காத நேரத்தில் வைத்தது வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்து, அந்தப் பகுதிகளைப் பிறகு நீக்கிவிட்டார்கள். படப்பிடிப்புக்காக விமானத்தில் இருந்தவர்களில் பலர் வாந்தி எடுத்தார்கள். அதெல்லாம் வீடியோவில் இல்லை. ஆனால் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் சொன்னார்கள், வாந்தி உட்பட.

இந்த இடத்தை அடிக்கோடிட விரும்புகிறேன். படத்தில் காட்டவில்லை, கேட்டால் மறைக்கவில்லை. நேர்மைக்கு இது போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் மகள் கேட்ட கேள்வி அங்கேதான் உதைத்தது.

* * *

'வராமலே போனவங்க எங்கப்பா சொல்றாங்க?'

ஜெயித்தவனுடைய தோல்விகள் எல்லாமே நகைகள்தான். பத்து கம்பெனியில் நிராகரிக்கப்பட்டேன், பிளாட்பாரத்தில் படுத்தேன், இதெல்லாம் மேடையில் மாலையோடு நின்று சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கும். அவற்றைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டாம். பதினேழாவது டேக் கையில் இருக்கும்போது பதினாறையும் தாராளமாகச் சொல்லலாம். கணக்குப் புத்தக பாஷையில், அதெல்லாம் நார்மல் லாஸ். ஏற்றிவைக்க நல்ல சரக்கு இருக்கிறது.

பதினாறோடு நிறுத்தியவன்?

தோசைத் திருப்பி ஏன் நின்றது என்று இப்போது சொல்கிறேன்.

2001-ல் பி.காம். முடித்தேன். ஐ.சி.டபிள்யூ.ஏ. இன்டர் எழுதினேன். இன்று சி.எம்.ஏ. என்று சொல்கிறார்களே, அதுதான். 2001 டிசம்பர் ஃபெயில். 2002 ஜூன் ஃபெயில். 2002 டிசம்பர் மறுபடி ஃபெயில். நாலாவது தடவை எழுதவில்லை. வீட்டில் சம்பளம் தேவைப்பட்டது. ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். எழுத்து மேல் ஆசை அதற்கப்புறம்தான் வந்தது.

ஆனால் வீட்டில் வழங்கிவருகிற கதை அப்படி இல்லை. அதை முதலில் ஆரம்பித்து வைத்தவர் என் அப்பா. ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், "பையன் பரீட்சை என்னாச்சு?" என்று கேட்டார். அப்பா ஒரு விநாடி கூடத் தயங்காமல், "அவனுக்கு எழுத்து மேல ஆசை. அதான் வேண்டாம்னு விட்டுட்டான்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. என் மகள் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். 'எங்கப்பா கணக்கை வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டு எழுத வந்தவர்.' பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில்கூட அப்படி எழுதினாள். நான் அதைப் படித்துவிட்டு எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினேன்.

மனைவிக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவள்தான் அன்று திருப்பியை நிறுத்தினாள்.

வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். தீமை இல்லாத சொல்தான் வாய்மை என்கிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்றுகூடச் சலுகை கொடுக்கிறார். என் அப்பா சொன்ன பொய்யை இந்தச் சலுகையில் சேர்த்துவிடலாம். அந்தக் கல்யாண வீட்டில், அந்த உறவினரிடம், அது யாருக்கும் தீமை செய்யவில்லை. அவர் விருந்தாளி. மூன்றாவது தோசைதான் அவருக்குச் சேர வேண்டியது.

ஆனால் அதே வாக்கியம் இன்று என் வீட்டில் வேறு வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பெண் தன் உயரத்தை அளக்க அதை அளவுகோலாக வைத்திருக்கிறாள். அந்த அளவுகோல் தப்பு. தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருக்கிறேன். அது வரைக்கும் அந்தரங்கமாக இருந்த ஒரு மௌனம், அவள் அதை வைத்து அளக்க ஆரம்பித்த அந்த நிமிஷத்தில் பொய்யாக மாறிவிட்டது. நான் புதிதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனாலும் மாறிவிட்டது.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். 'அப்பாவே ஃபெயில் ஆனவர்' என்று தெரிந்தால் பிள்ளைக்கு அது சாக்காகிவிடாதா? நானும் யோசித்தேன். ஆகலாம். ஆனால் சாக்கு தேடுகிறவருக்கு அது எங்கேயும் கிடைக்கும், அதற்கு அப்பா தேவையில்லை. துணை தேடுகிறவருக்குத்தான் வேறெங்கும் கிடைக்காது.

இன்னொரு சந்தேகம். தோல்வியையெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். அதுவும் ஒரு வகை விளம்பரம்தான், இப்போதெல்லாம் அதற்கும் கைதட்டல் கிடைக்கிறது. எனக்கு நானே ஓர் எல்லை போட்டுக்கொண்டேன். என் வேலையின் பலனை மட்டும் வாங்க வந்தவருக்கு நல்ல சரக்கைக் கொடுத்தால் போதும். எனக்குப் பின்னால் அதே கல்லில் நிற்கப் போகிறவருக்குக் கிழிந்ததையும் காட்ட வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் காட்ட வேண்டும். 'கேட்டால் சொல்வேன்' என்பது அங்கே செல்லாது. மறைத்து வைத்திருப்பதைப் பற்றி யாரால் கேட்க முடியும்?

* * *

அன்று ராத்திரி பீரோவின் மேல் தட்டிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் கவரை இறக்கினேன். மூன்று மார்க் ஷீட்டுகளும் அதில் இருந்தன. எதற்காகப் பத்திரமாக வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. மகள் அறைக்குப் போய் மேஜைமேல் வைத்தேன்.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். அவள் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால், நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அப்போ அந்தக் கட்டுரைப் போட்டி? அதுல நான் எழுதினதெல்லாம்?"

"தப்புதான்."

"ஏன்பா சொல்லலை?"

"உன்கிட்ட பெரிய ஆளா இருக்கணும்னு ஆசை."

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எந்தப் பேப்பர்ல போச்சு?" என்று கேட்டாள். காஸ்ட் அக்கவுன்டிங் என்றேன். மூன்று தடவையும் அதே பேப்பர். முதல் தடவையாகச் சிரித்தாள். "காலையில நார்மல் லாஸ் பத்தி அம்மாகிட்ட அவ்வளவு லெக்சர் குடுத்தியே!"

"நாலாவது தடவை ஏன் எழுதலை?" என்றாள் கடைசியாக.

சம்பளம் தேவைப்பட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. வேலை பார்த்துக்கொண்டே எழுதியிருக்கலாம், பலர் எழுதினார்கள். "பயம். நாலாவது தடவையும் போயிடுமோன்னு பயம்" என்றேன். இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கே அந்த நிமிஷம்தான் தெரியும் என்றால் நம்புவீர்களா?

அவள் அடுத்த முறை எழுதப் போகிறாளா, வேறு படிக்கப் போகிறாளா, இன்னும் முடிவாகவில்லை. அதை அவள் முடிவு செய்யட்டும். எழுதினால் பாஸ் ஆவாள் என்று இந்தக் கட்டுரையை முடித்தால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். எனக்கு அது தெரியாதே!

ஒன்று மட்டும் தெரியும். காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்தில் நார்மல் லாஸுக்கு அடுத்து 'அப்நார்மல் லாஸ்' என்று ஒரு பாடம் வரும். எதிர்பார்த்த அளவுக்கு மேல் வீணாய்ப் போவது. அதை நல்ல சரக்கின் விலைக்குள் ஒளிக்கக்கூடாது. தனியாகப் பெயர் சொல்லி லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முக்கியமான விஷயம், அதற்கு என்ன விலை போடுவது? நல்ல சரக்குக்கு ஒரு கிலோவுக்கு என்ன விலையோ, வீணாய்ப்போன இந்தக் கிலோவுக்கும் அதே விலை. ஒரு பைசா குறைவில்லை.

கைக்கு ஒன்றும் வராமல் போன உழைப்புக்கும் நல்ல சரக்கின் விலையே போடச் சொல்கிற அந்தப் பாடத்தை 2002-ல் நான் சரியாகப் படித்திருந்தால் ஒருவேளை பாஸ் ஆகியிருப்பேன்.

உங்கள் வீட்டு பீரோவிலும் மேல் தட்டு என்று ஒன்று இருக்கும். அதில் ஒரு கவரும் இருக்கும். ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம். உங்களைப் பார்த்து யார் தன் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறார்களோ, அவர்களுக்கு மட்டும் ஒருநாள் இறக்கிக் காட்டுங்கள். கோபம் வரும், தயாராகப் போங்கள்.

ட்ரெட்மில்லில் இப்போதும் துண்டுதான் காய்கிறது.